கடலுக்கு ஒரு சான்றிதழ்

அகத்திய முனிவர் கடலை ஒரே மடக்கில் குடித்தார் என்று புராணம் சொல்கிறது. குடித்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் குடிப்பதற்கு முன்னால் மாதிரி எடுத்தாரா? சீசாவில் அடைத்து அரக்கு வைத்தாரா? 'குடிக்கத் தகுந்தது' என்று யாரிடமாவது எழுதி வாங்கினாரா? இல்லை. முனிவர்களின் அலட்சியம் அப்படி. வங்காள விரிகுடாவை முறைப்படி பரிசோதித்து, முத்திரை குத்தி, நற்சான்று வழங்கிய பெருமை, எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓட்டுக் கூரையின் கீழ் இயங்கிய எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தையே சேரும். அந்தச் சான்றிதழை டைப் அடித்தவன் நான். ஆகவே இதில் ஒரு சொல்கூட மிகை கிடையாது. மிகையாக அடித்தால் ரிப்பன் தேயும் என்று எங்களுக்குத் தடை இருந்தது.

கூடத்தின் தலைவர் பூவராகவன். பம்பாய் வரை போய், கருவிகளைச் சரிபார்க்கும் 'அளவுத்திருத்தம்' பற்றிப் பயிற்சி பெற்றவர். திரும்பி வந்ததிலிருந்து, காப்பியில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை. "ஏற்கத்தக்க எல்லைக்குள் இருக்கு" என்பார். அவரிடம் ஓர் உப்புமானி இருந்தது. தண்ணீருக்குள் கம்பியை விட்டால், பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு உப்பு என்று ஒரு முள் நகர்ந்து காட்டும். பூஜ்யத்தில் கிளம்பி 2000 வரை போகும். அங்கே ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் நின்று, 'போதும்' என்று முள்ளைத் தடுத்துவிடும்.

விதி சுருக்கமானது. ஒரு குப்பத்துக் கிணற்றில் உப்பு 1500-ஐத் தாண்டினால், ஏரியிலிருந்து நல்ல தண்ணீர்க் குழாய். தாண்டாவிட்டால் வாழ்த்தோடு ஒரு சான்றிதழ்.

ஒருநாள் மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு குடத்தோடு எல்லம்மாள் உள்ளே வந்தாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே நண்டோடைக்குப்பத்துக்காரி. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் ஒரே கிணறு. அதை வெட்டியவன் எந்தப் பக்கத்து உப்பு அதிகம் என்று தெரிந்துகொள்ள வெட்டினானோ என்னவோ.

"இத்த கொஞ்சம் பாரு சாமி," என்று குடத்தை மேசை மேல் வைத்தாள். "எம் மருமவ கண்ணகி கோவளத்துக்காரி. வந்த புதுசுல இந்தத் தண்ணியில ஒலை வெச்சா, பருப்பு வேவல. தலைக்கு ஊத்தினா, சிக்கு வுயுந்துச்சு. வவுத்துப் புள்ளையோட பொறந்த வூட்டுக்குப் போனவதான். நல்ல தண்ணி வந்தா சொல்லியனுப்பு, வரேன்னுட்டா. எம் பேரன நானு சம்பந்தி வூட்டுல விருந்தாளி கணக்கா போயி பாத்துகினு கீறேன்."

"உன் பையன் என்ன சொல்றான்?"

"வரதனா? அவன் இன்னா சொல்வான். கட்டுமரத்துல போறப்போ கடலப் பாக்கறான், வந்தப்புறம் கோவளத்துப் பக்கம் பாக்கறான்."

பூவராகவன் உருகிவிட்டார். "எண் ஆயிரத்தி ஐந்நூறைத் தாண்டினா உனக்குக் குழாய்ம்மா. மத்தது மிஷின் கையில." கம்பியைக் குடத்துக்குள் விட்டார். முள் பாய்ந்து போய்க் குமிழில் 'டிக்' என்று முட்டி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

"தாண்டிச்சா சாமி?"

"தாண்டிடுச்சு. எவ்வளவு தாண்டிச்சுன்னுதான் தெரியல."

வேறொருவராக இருந்தால் 2000 என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். பூவராகவன் விஞ்ஞானி. "பஸ் மாமல்லபுரத்தோட நின்னுடுது. அதுக்காக உலகம் அங்கேயே முடிஞ்சுதுன்னு எழுத முடியுமா?" என்றார். '2000-க்கு மேல்' என்று நேர்மையாக எழுதினார். கணக்கு அதிகாரி சிவப்பிரகாசம் அதை அதே நேர்மையோடு திருப்பி அனுப்பினார். 'மேல் என்பது எண் அல்ல. எண் எழுதுக.'

இப்படியாகத் தென்னிந்தியாவின் முதல் 'அளவெல்லை நீட்டிப்பு ஆலோசனைக் கூட்டம்', போண்டாவுடன், எங்கள் கூடத்தில் கூடியது. அங்கே பொழிந்த ஞானத்தை இன்று நினைத்தாலும் எனக்கு விக்கல் வருகிறது. குமிழைப் பிடுங்கிவிடலாம் என்றார் ஒருவர். பிடுங்கினால் முள் சுற்றி வந்து மறுபடி பூஜ்யத்தில் நிற்கும், கடல் தண்ணீரும் இளநீரும் ஒன்றாகிவிடும் என்று அது நிராகரிக்கப்பட்டது. நீளமான முள் வாங்கலாம் என்றார் இன்னொருவர். ஜீப் டிரைவர் ஏசுபாதம் வாசலில் நின்றபடி, "மாமல்லபுரத்துல சிற்பிங்க கீறாங்க சார். செவுரு அளவுக்குக் கல்லுலயே மிஷின் செதுக்கிக் குடுப்பாங்க, முள்ளு நகராது, ரிப்பேரும் வராது," என்றான். இது மட்டும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

கடைசியில் பூவராகவன் எழுந்தார். "முள்ளை நீட்ட முடியாது. தண்ணியைச் சுருக்கலாம்." அவர் விளக்கியது இதுதான்: குப்பத்துத் தண்ணீர் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த, உப்பே இல்லாத தண்ணீர் ஒன்பது பங்கு. கலந்து அளக்க வேண்டியது. வரும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டியது. மிஷினுக்கு ஒரு திருகாணிகூட மாற்றாமல் அதன் எல்லை பத்து மடங்கு நீண்டுவிடும்.

கைதட்டல் ஓய்ந்ததும் பரிசோதகர் வச்சலா கலந்து அளந்தார். முள் 640-ல் சாந்தமாக நின்றது. அவர் ஒரு பூஜ்யம் சேர்த்து 6400 என்று எழுதினார். சிவப்பிரகாசம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"640 எங்கேர்ந்து வந்தது?"

"முள் காட்டிச்சு சார்."

"6400?"

"பெருக்கினதுல வந்தது சார்."

"முள் காட்டலையே?"

"காட்டாது சார். அது ரெண்டாயிரத்தோட நின்னுடும். அதனாலதானே கலந்தோம்."

"மிஷின் காட்டாத எண்ணை மனுஷன் எழுதினா அதுக்குப் பேர் என்ன தெரியுமாம்மா?"

"அளவுத்திருத்தம் சார்."

"எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேர் வேற. சஸ்பென்ஷனும் உண்டு."

அந்த மனிதரின் கடமை உணர்ச்சியை நான் என்னவென்று சொல்வேன். கலப்பதற்கு விதியில் இடம் இருந்தது: 'மாதிரியைத் தேவைக்கேற்பப் பக்குவப்படுத்தலாம்.' பெருக்குவதற்கு இடம் இல்லை. தேசத்தில் நடக்கும் சகல ஊழல்களும் எண்ணுக்கு வலது பக்கம் ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பதில்தான் ஆரம்பிக்கின்றன என்று அவர் சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை. பூஜ்யத்துக்கு அனுமதி கோரித் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவது, அனுமதி வரும்வரை முள் காட்டியதையே முடிவாகக் கொள்வது என்று தீர்மானமாயிற்று. 640. நல்ல தண்ணீர். நானே டைப் அடித்தேன்.

எல்லம்மாள் சான்றிதழை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள்.

"இன்னா எய்திக்கீது?"

"உங்க கிணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு எழுதியிருக்கும்மா," என்றார் பூவராகவன், கொஞ்சம் சங்கடத்தோடு. "இதைக் காட்டி மருமகளைக் கூப்பிட்டுக்கோ."

"யாரு சொன்னது நல்ல தண்ணின்னு?"

"மிஷின்."

"குடிச்சிப் பாத்துச்சா?"

"ஒன்பது பங்கு சுத்தமான தண்ணியைக் கலந்து அளந்து பாத்துச்சு."

எல்லம்மாள் யோசித்தாள். மீன் விற்கிறவள், பேரம் என்றால் அவசரப்பட மாட்டாள். "சரி சாமி. அப்போ ஒரு கொடத்துக்கு ஒம்போது கொடம் உன் தண்ணிய அனுப்பிடு. கலந்து குடிச்சிக்கிறோம்."

"அவ்வளவு நல்ல தண்ணி இருந்தா அதையே குடிக்கலாமேம்மா."

"அத்தத்தான சாமி நானும் சொல்லிகினு கீறேன்."

இந்த இடத்தில் வெளித் தாழ்வாரத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பாலில் தண்ணீர் கலந்த குற்றத்துக்காக அடுத்த அறையில் விசாரணைக்குக் காத்திருந்த தாண்டவராயன்தான் அது. "படிக்காம போய்ட்டேன்க்கா," என்றான் எல்லம்மாளிடம். "நானு ரெண்டுக்கு ஒண்ணுதான் ஊத்தினேன். கேஸு போட்டுட்டானுங்க. இவுங்க ஒண்ணுக்கு ஒம்போது ஊத்தறாங்க, சர்டிபிகேட்டு குடுக்கறாங்க."

"நீ பாலுல ஊத்தினே, மாட்டிகினே," என்றாள் எல்லம்மாள். "தண்ணியில ஊத்தியிருக்கணும்."

அவள் அந்தக் காகிதத்தோடு கோவளத்துக்குப் போய் வந்தாள் என்று பின்னால் ஏசுபாதம் சொன்னான். கண்ணகி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்த எழுதினவுங்க வூட்டுல இந்தத் தண்ணியிலதான் பருப்பு வேவுதா அத்தே?" என்று கேட்டாளாம். அதற்குச் சான்றிதழில் பதில் இல்லை. நான் அடிக்கும்போது இடம் விட்டிருக்கலாம்.

இதற்கிடையில் எங்கள் புகழ் பரவியது. முன்பெல்லாம் எங்கள் முள்ளைத் திணற அடித்த கிணறுகள் எல்லாம் ஒன்றுக்கு ஒன்பதில் அடங்கி ஒடுங்கின. மாவட்டத்தில் உப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. எந்த அரசும் சாதிக்காத சாதனை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பாராட்டவே வந்தார், வந்த இடத்தில், மாமல்லபுரத்துக் கரையில் காற்று வாங்கிக்கொண்டே, "உங்க முறைக்கு எல்லை உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

பூவராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கி ஒரு சீசா மொண்டார். கூடத்துக்குக் கொண்டுவந்து அளந்தபோது, ஒன்றுக்கு ஒன்பதில் முள் குமிழை முட்டியது. அவர் கலங்கவில்லை. ஒன்றுக்குத் தொண்ணூற்று ஒன்பதில் முள் 350-ல் நின்றது. நண்டோடைக்குப்பத்துக் கிணற்றைவிடக் கடல் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது உலகத்துக்குத் தெரியவந்த கணம் அது. "நூறால பெருக்கணும் சார்," என்று வச்சலா மெதுவாகச் சொன்னார். "ஒரு பூஜ்யமே இன்னும் வரல, ரெண்டு பூஜ்யத்துக்கு எங்கம்மா போறது?" என்றார் சிவப்பிரகாசம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வங்காள விரிகுடாவுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

வழங்கப்பட்ட பிறகுதான் விதியின் அடுத்த வரி எல்லோர் கண்ணிலும் பட்டது. 'சான்று பெற்ற குடிநீர் நிலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள குடியிருப்புகளுக்குக் குழாய் தேவையில்லை.' கடற்கரைக் குப்பங்கள் அத்தனையும் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தன. தேங்கிக் கிடந்த மனுக்களை எல்லாம் ஒரே உத்தரவில் தீர்த்து வைத்தோம். இவ்வளவு விரைவான நிர்வாகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குழாய் வராமலும் போகவில்லை. குப்பத்துக்கு அப்பால் வெளியூர்க்காரர்கள் தங்கப் புதிதாக ஒரு விருந்தினர் மாளிகை எழும்பியிருந்தது. அதன் கிணற்றில் உப்பு 1600. கலக்க அவசியமே இல்லாமல் முள் தானாகவே காட்டிய எண். அதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? கடல் அதற்கும் பக்கம்தான். ஆனால் மாளிகைக்கான உத்தரவு கடலுக்குச் சான்று கிடைப்பதற்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது. ஏரித் தண்ணீர் அந்த மாளிகைக்குப் போயிற்று. போகும் வழி நண்டோடைக்குப்பத்தின் நடுவாக இருந்தது. பள்ளம் தோண்டக் கூலிக்கு எடுத்தவர்களில் வரதனும் ஒருவன்.

வேலை முடிந்ததைப் பார்த்து எழுத நான் ஜீப்பில் போயிருந்தேன். எல்லம்மாள் மணலில் குந்தி, மூடிய பள்ளத்தின் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யறே?"

"சத்தம் கேக்குது நைனா. எங்க காலடியிலயே போய்கினு கீது." எழுந்து மணலைத் தட்டினாள். "அங்க இன்னாத்துக்கு இம்மாந் தண்ணி?"

"புல் வளர்க்கிறாங்கம்மா."

"மாடு கீதா?"

"இல்லை. சும்மா, பார்க்கிறதுக்கு."

 பக்கத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த வரதன் சொன்னான். "யம்மா, நானு கோவளத்துக்கே போயிடறேன். அங்க மாமனோட கட்டுமரத்துல ஆளு கொறையுதாம். புள்ள என்னப் பாத்தா அயுவுது, யாரோன்னு. நீயும் வந்துடு."

"சம்பந்தி வூட்டு வாசல்ல சோத்துக்கு நிக்கச் சொல்றியா? நீ போ. உம் புள்ளையண்ட, ஒனக்கு ஒரு ஆயா கீறான்னு சொல்லு."

வரதன் போனான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள், பிறகு அவர்கள் பெண்டு பிள்ளைகள். குப்பத்திலிருந்து வரும் புகார்கள் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தன. எங்கள் முறையின் வெற்றிக்கு இதுவே சாட்சி என்று பூவராகவன் ஒரு கட்டுரை எழுதினார். வச்சலா மட்டும் அதைப் படிக்காமலேயே மடித்து என் மேசையில் வைத்தார். கடைசியில் எல்லம்மாளும் அடுப்புக்கல்லைப் பெயர்த்துக் கூடையில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

தலைமை அலுவலகத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம். அனுமதி வந்தது. 'பூஜ்யம் ஒன்று மட்டும், வலது பக்கத்தில், சேர்த்துக்கொள்ளலாம்' என்று தெளிவாகவே இருந்தது. அன்றைக்குச் சிவப்பிரகாசமே எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். 6400 என்று அடித்தேன். அதே பூஜ்யத்தில் கடலும் 3500 ஆகித் தன் சான்றை இழந்தது. குழாய் உடனே வழங்கலாம். குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டும் நேரில் பார்த்து நிரப்ப வேண்டும் என்றார்கள்.

போய்ப் பார்த்தோம். காற்று இருந்தது. கிணறு இருந்தது. மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் இருந்தது. ஏசுபாதம் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டான். குடியிருப்போர் என்ற இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டு அனுப்பினேன். சிவப்பிரகாசம் அதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். ஏற்காமல் என்ன? அது கையால் சேர்த்த பூஜ்யம் இல்லை. விதிப்படி, நாங்களே உண்டாக்கியது.