பங்குச் சந்தையில் தாமதம் ஒழிந்த விதம்

பங்குச் சந்தையில் தாமதத்தை அறவே ஒழிப்பது என்று மேலிடம் தீர்மானித்தது. அதற்கென ஒரு குழு கூடி, தேநீர் அருந்தி, ஆழ்ந்து ஆராய்ந்து, ஓர் உண்மையைக் கண்டறிந்தது. கணினி படுத்துக்கொண்ட பிறகும் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதால்தான் தாமதம் உண்டாகிறதாம். ஆகவே கணினி நின்றால் கடிகாரமும் கூடவே நிற்கும்படி இரண்டையும் ஒரே கம்பியில் இணைத்துவிட்டார்கள்.

இந்த நற்செய்தி, மனைவியோடு சின்னதாகத் தையல் கடை நடத்திவந்த ஒரு தையல்காரருக்கு எட்டவில்லை. பாவம், அவருடைய சேமிப்பு முழுவதும் ஒரு நூல் கம்பெனியின் பங்குகளாக இருந்தது. அதை விற்று மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்குவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மிதித்து மிதித்தே அவள் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அன்று காலை அந்தக் கம்பெனியின் கிடங்கில் தீ என்று செய்தி வந்தது. விலை இறங்குமுன் தப்பித்துக்கொள்ள, போனில் ‘விற்கவும்’ என்பதை அழுத்தினார். திரையில் சக்கரம் சுற்றியது. சாப்பிட்டு வந்து பார்த்தார், அப்போதும் சுற்றியது. சாயங்காலம் அது ஒருவழியாகச் சுற்றி முடித்தபோது பங்குகள் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தன.

நேரே சந்தை அலுவலகத்துக்குப் போய், குறைதீர்க்கும் அதிகாரியின் முன் நின்றார்.

“சார், காலையில பத்து மணிக்கு அழுத்தினேன்.”

“பத்து மணிக்கே வித்தாச்சே. சுவத்துல பாருங்க, இப்பத்தான் பத்தே கால்.”

“வெளியில இருட்டிடுச்சு சார்.”

“வெளியில நடக்கிறது எங்க பிரிவுல வராது.”

“சரி, பத்து மணின்னா பத்து மணி விலையைக் குடுங்க. சாயங்கால விலை எப்படி வந்துச்சு?”

“விலை வேற மெஷின்ல வருது. அது ஒருநாளும் நின்னதே இல்ல,” என்றார் அதிகாரி பெருமையோடு. பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அடடா, நேரமாயிடுச்சு” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுவாரம், தாமதமே இல்லாத சந்தை என்று அதற்கு ஒரு விருது கிடைத்தது. சந்தையை நடத்தும் நிறுவனத்தின் பங்கு கிடுகிடுவென ஏறியது. செய்தியைப் படித்த தையல்காரருக்கு முதலில் வயிறு எரிந்தது. அப்புறம் கை துறுதுறுத்தது.

“போனை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி, மிதிப்பதை நிறுத்தாமல்.

“மிச்சக் காசுக்கு அவங்க பங்கையே வாங்கப் போறேன். சீக்கிரமே உனக்கு மோட்டார் வந்துடும்.”

“உங்களை ஏமாத்தினவங்கதானே அவங்க?”

“அதனாலதான் சொல்றேன். அவங்க சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா?”

அழுத்தினார். சக்கரம் சுற்றத் தொடங்கியது. விலை கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. இந்தத் தடவை அவர் கொஞ்சமும் பதறவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்.

கீழே மனைவி மிதித்துக்கொண்டே இருந்தாள்.