வேர்வை வராத கோவிந்தம்மா

திருவொற்றியூரில் வெட்டவெளியில் மீன் விற்கும் பெண்களுக்கு நிழற்கூரை போட்டுத் தருவதென்று மேலிடம் முடிவு செய்தது. ஆனால் வேர்க்காதவர்களுக்கெல்லாம் நிழல் கொடுத்து அரசாங்கம் ஏமாந்துவிடக் கூடாதல்லவா? ஆகவே விண்ணப்பதாரர்களின் வேர்வைச் சுரப்பிகள் இயங்குகின்றனவா என்று முதலில் விஞ்ஞானபூர்வமாகச் சோதித்தறியும்படி உத்தரவாயிற்று.

முதல் விண்ணப்பம் நெட்டுக்குப்பத்துக் கோவிந்தம்மாவுடையது. போன வாரம்தான் வெயிலில் மயங்கி, தன் சங்கரா மீன் கூடைமேலேயே விழுந்து எழுந்தவள்.

சோதனை அறையில் ஏசி பதினெட்டில் ஓடியது. டெக்னீஷியன் சினேகா அவள் நெற்றியில் அயோடினைத் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவினாள்.

"வேர்த்தா இந்த மாவு கருநீலமா மாறிடும்மா."

கோவிந்தம்மா மிரளுவதைப் பார்த்து, தைரியம் சொல்வதற்காக நிழல் ஒதுக்கீட்டு அலுவலர் மனோகரன் தம் நெற்றியிலும் அதையே பூசிக்கொண்டார்.

கால் மணி நேரம் போயிற்று. குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. மாவு வெள்ளைவெளேரென்றே இருந்தது.

"சுரப்பி இயங்கலை" என்றார் மனோகரன்.

"இன்னா சார் பேஜாரா கீது! ஏசிய நிறுத்து, சும்மா கொட்டும்."

"அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும்."

"அப்ப வெளிய போய் வேர்த்துகினு வரேன்."

"அது உன் சொந்த வேர்வைதான்னு யாரும்மா சான்று தர்றது? ஷேர் ஆட்டோவுல பக்கத்துல உக்காந்தவங்களோடதா இருந்தா?"

'மேற்படியாருக்கு வேர்வை வராது' என்று சான்றிதழில் சீல் விழுந்தது. மனு தள்ளுபடி.

கோவிந்தம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட மனோகரனும், பதிவேட்டோடு சினேகாவும் வந்தார்கள். வெயில் பட்ட ஐந்தாவது நிமிடம் மனோகரனின் நெற்றி கருநீலமாகி, மூக்கின் மேல் வழிய ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"சாருக்குச் சுரப்பி பிரமாதம்!" என்றாள் சினேகா, பதிவேட்டில் எழுதியபடி.

"ஏம்மா, வேர்வையே வராதவங்க வெயில்ல நின்னா இன்னாவாம்?" என்று கேட்டாள் கோவிந்தம்மா.

"உடம்புச் சூடு இறங்காது. உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குப் போயிடணும்."

அந்த வளாகத்தில் ஒரே நிழல், மனோகரனின் ஜீப் நிற்கும் ஷெட்தான். கோவிந்தம்மா வாசலில் வைத்திருந்த தன் கூடையோடு போய் அதில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா!"

அவள் சான்றிதழை நீட்டினாள். "நீ வெச்ச சீலு, நைனா. எனக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

மனோகரன் சீலைப் பார்த்தார். தம் கையெழுத்தைப் பார்த்தார். ஜீப்பை வெயிலுக்கு எடுத்தார்.

மறுநாளே மீன்காரிகள் அத்தனை பேரும் அந்த ஏசி அறைக்குள் நடுங்கிவிட்டு, ஆளுக்கொரு சான்றிதழோடு வெளியே வந்தார்கள். ஷெட்டில் எட்டுக் கூடைக்குத்தான் இடம். வேர்வை வராதவர்களோ முப்பத்திரண்டு பேர்.

கோவிந்தம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"மல்லிகா, உன் மூக்கு மேல இன்னாடி ஈரம்? எட்ட போ! வேர்க்கிறவங்களுக்கு இங்க இடம் கெடையாது" என்று அதட்டினாள், முந்தானையால் தன் கழுத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டே.