அத்தையின் டிவிக்குப் பத்து நிமிஷம்

நான் கலைக்கல்லூரியில் வீடியோ கலை சொல்லிக்கொடுக்கும் பேராசிரியன். அந்த வேலை என் திறமைக்குக் கிடைத்தது என்று வெளியூரில் சொல்லிக்கொள்வேன். சொந்த ஊரான புத்தூரில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பதியில் நேர்முகத் தேர்வு. (அதற்கு முன் நான்கு இடங்களில், "வீடியோவா? கல்யாணத்துக்கு எடுப்பியா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் கல்யாணம்தான்.) நான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்ட வாடகைக்கு வீடியோ டெக் கிடைத்தது. டிவி? எங்கள் சொந்தத்திலேயே கலர் டிவி அத்தையிடம்தான். குவைத்தில் டிரைவராக இருந்த மகன் பணம் அனுப்பி வாங்கியது.

"குடுக்கறேன். ஆனா அது போற எடத்துக்கு நானும் வருவேன்" என்றாள். பஸ்ஸில் வழியெல்லாம் டிவி அவள் மடியில், பூப்போட்ட உறையோடு. தேர்வு அறையிலும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

என் படம் பன்னிரண்டு நிமிஷம். அத்தை வீட்டு வாசலிலிருந்து தெரியும் பஸ் ஸ்டாப், ஒரே ஷாட். பதினோராவது நிமிஷம் ஒரு பஸ் வந்து, யாரையும் இறக்காமல் போகும். என் மேதாவித்தனம் மொத்தமும் அந்த பஸ்ஸில்தான் இருந்தது.

பத்தாவது நிமிஷம் அத்தை எழுந்து டிவியின் முதுகைத் தொட்டாள். பட்டென்று அணைத்தாள்.

"அத்தே! இன்னும் ரெண்டே நிமிஷம்!"

"சூடாயிடுச்சுடா. அரை மணி நேரம் ஆறட்டும். பிக்சர் டியூப் பூட்டா என் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

முந்தானையால் டிவிக்கு விசிறினாள். நான் தேர்வாளர்கள் மூவரிடமும் காலம், வெறுமை என்று என்னென்னவோ உளறினேன். தேர்வுக் குழுத் தலைவர் தெலுங்கில் அலுத்துக்கொண்டார்: "இதில் ஒன்றுமே நடக்கவில்லையே?"

"இன்னா சார் நடக்கணும்?" என்றாள் அத்தை. "என் புள்ள போயி மூணு வருஷம் ஆவுது. வர்ற பஸ்ஸையெல்லாம் பாத்துக்கினுதான் கீறேன். ஒண்ணும் நடக்கல."

நான் எடுத்த படம் எனக்கே அப்போதுதான் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

டிவி ஆறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். பஸ் வந்து, நின்று, போனது. "இதுலயும் வரல" என்றாள் அத்தை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வேலை கிடைத்தது. ("வேலை அத்தைக்கு, சம்பளம் உனக்கு" என்பார் நைனா, என் அப்பா.) மகனும் அடுத்த வருஷம் அதே ஸ்டாப்பில் இறங்கினான், இன்னும் பெரிய டிவியோடு.

இன்றுவரை என் படம் எதுவும் பத்து நிமிஷத்தைத் தாண்டியதில்லை. அதைச் 'சிக்கனத்தின் அழகியல்' என்று ஒரு விமர்சகர் எழுதினார். வாசித்துக் காட்டியபோது வீடே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"டிவி சூடாயிடும்னு எழுதச் சொல்லுடா" என்றாள்.