திறக்கக் கூடாத பை

“உமக்கு ஆர் அதைத் திறக்கச் சொன்னது?”

பிரான்சில், லா சப்பல் ரூ காய் என்ற தெருவில் இருக்கும் மரியநாயகியின் தையல் கடைக்குள் நின்று அரியரத்தினம் கத்தினார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணொருத்தி கொடுக்காமலே வெளியே போய்விட்டாள்.

அவருடைய உள்ளங்கையில் விரலளவு நீலப் பட்டுப் பை ஒன்று வாய் பிளந்து கிடந்தது. ஜப்பான் கோயில் ஒன்றில், பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் வாங்கிச் செல்லும் அதிர்ஷ்டப் பை அது. அவர் சமையல் வேலை செய்யும் ஜப்பான் சாப்பாட்டுக் கடையின் முதலாளியம்மா, ஊருக்குப் போய் வந்தபோது கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தது. கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: ஒருபோதும் திறக்கக் கூடாது, திறந்தால் பலன் போய்விடும்.

அதை அவருடைய மனைவி இந்திராதேவி நேற்றுக் கத்தரிக்கோலால் திறந்திருந்தார்.

“உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரியாமல் ஒரு தாயத்தைச் சட்டைப் பைக்குள்ளை வைக்கலாமோ?” என்றார் இந்திராதேவி. “பாத்தால் ஒரு துண்டுக் கடதாசிதான் கிடக்கு. வெறும் பையாக் கிடக்கெண்டு பிள்ளையார் கோயில் விபூதியைப் போட்டன்.”

“எவ்வளவு போட்டனீர்?”

“ஒரு தேக்கரண்டி. குவிச்சு.”

ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு என்ன பரீட்சை என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் கோபம் வரும். பிரெஞ்சுக் குடியுரிமைக்கான மொழிப் பரீட்சை. எழுத்துத் தேர்வில் எப்படியோ தப்பிவிட்டார். வாய்மொழிக்குப் போய்க் கேள்வி கேட்பவருக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை எதைக் கேட்டாலும் “வி மதாம்”, ஆம் அம்மா, என்று பதினொரு முறை சொன்னார். இரண்டாம் தடவை அதுவும் வரவில்லை. இந்திராதேவி முதல் தடவையிலேயே சித்தியடைந்தவர். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அரியரத்தினத்துக்கு இன்னும் எரிச்சல்.

இன்று பதினொரு மணிக்கு மூன்றாம் தடவை. இந்த மாதத்துக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால், நான்கு வருடமாகக் காத்திருக்கும் அவருடைய விண்ணப்பத்தை மூடிவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது. மகள் சுபாங்கி எட்டு வயதிலிருந்து அவருக்காக அலுவலகங்களில் வாய் திறந்து பேசுகிறாள். அந்த வெட்கம் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“கெதியாத் தைச்சுத் தாரும், மரியநாயகி. பத்தரையாகுது.”

மரியநாயகி பையை மடித்து மெஷினில் இரண்டு தரம் ஓட்டினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இனி இடி விழுந்தாலும் தையல் பிரியாது அண்ணை. ஒருக்காத் திறந்த பை எண்டபடியால் காவலுக்கு மடு மாதான்ரை சின்னச் சுரூபம் ஒண்டும் உள்ளுக்கை வைச்சிருக்கிறன்.”

“என்னத்தை வைச்சனீர்?”

“பித்தளைச் சுரூபம். சுவாமியார் மந்திரிச்சது.”

அரியரத்தினத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“விசரோ உங்கள் ரெண்டு பேருக்கும்? ஒரு சின்னப் பைக்குள்ளை மூண்டு பேர். ஆர் ஆருக்கு வழி விடுறது?”

“அவை சண்டை பிடிக்க மாட்டினம். நீங்கள் பிடிக்காமல் போங்கோ,” என்றார் இந்திராதேவி.

பிரித்து எடுக்க நேரமில்லை. அரியரத்தினம் அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மனைவியைத் திட்டியபடியே பரீட்சை நிலையத்துக்கு ஓடினார்.

வாசலில் நீண்ட வரிசை. காதுக்குள் கருவி வைத்துக் காப்பி அடிப்பவர்களைப் பிடிக்க, காவலாளி ஒருவர் உலோகம் காட்டும் கோலால் எல்லோரையும் தடவிக்கொண்டிருந்தார். அரியரத்தினத்தின் சட்டைப் பைக்கு வந்ததும் கோல் கீச்சிட்டது.

“என்ன இது?” என்று பிரெஞ்சில் கேட்டார் காவலாளி.

“அதிர்ஷ்டப் பை.”

“திறவுங்கள்.”

“திறக்கக் கூடாது.”

“ஏன்?”

“திறந்தால் பலன் போய்விடும்.”

காவலாளிக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். மரியநாயகி சொன்னது போலவே தையல் பிரியவில்லை, துணிதான் கிழிந்தது. குவித்த தேக்கரண்டி விபூதி முழுவதும் காவலாளியின் கறுப்புச் சீருடையில் கொட்டியது.

வெள்ளைப் பொடியைக் கண்டு வரிசை பத்தடி பின்வாங்கியது. சத்தம் கேட்டு, கையில் காகிதக் கட்டுடன் ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தார். காவலாளியின் மேலதிகாரி போலிருக்கிறது என்று அரியரத்தினம் நினைத்தார்.

“என்ன பொடி இது, மிஸ்யூ?”

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இனி உள்ளே விடமாட்டார்கள். நான்கு வருடமும் இந்த வாசலிலேயே போய்விட்டது. அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“சாம்பல். மாட்டின் பின்பக்கத்திலிருந்து வருகிறதே, அதை எரித்த சாம்பல். நெற்றியில் பூசுவது.”

“அது ஏன் ஜப்பான் பைக்குள் இருக்கிறது?”

“அதைத்தான் நானும் காலையிலிருந்து கேட்கிறேன். என் மனைவி போட்டாள். செய்யாதே என்று சொன்னதைச் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.”

“அப்படியானால் இந்தப் பித்தளை?”

“அது மாதா. தையல்காரி வைத்தது. அவளை யாராவது கேட்டார்களா? இல்லை. என்னையும் ஒருவரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் மீன் வெட்டுகிறேன். ரயில் ஓடாத நாளிலும் நடந்துபோய் வெட்டியிருக்கிறேன். அந்த மீனைத் தின்னும்போது ஒருவரும் என் இலக்கணத்தைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு இந்த ஆள் ஒரு கரண்டிச் சாம்பலுக்குப் பயந்து என் வாழ்க்கையை மறித்துக்கொண்டு நிற்கிறார்.”

“நான் என் வேலையைத்தான் செய்தேன்,” என்றார் காவலாளி, தும்மிக்கொண்டே.

“உமது வேலை துணியைக் கிழிப்பதா? நீர் ஒழுங்காகக் கேட்டிருந்தால் நான் பையை உம்மிடம் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பேன். பெண்சாதிக்கும் தையல்காரிக்கும் உமக்கும் ஒரே குணம்.”

அந்தப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மாடு, மனைவி, மாதா, முதலாளியம்மா என்று ஒவ்வொன்றுக்கும் அரியரத்தினம் பதில் சொன்னார். நடுவில் ஒருமுறை காவலாளிக்காகப் பரிந்தும் பேசினார். அந்தப் பெண் காகிதத்தில் ஏதோ குறிக்கத் தொடங்கியதும் கோபம் மறுபடி மூண்டது.

“எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள். என் பெயரையும் எழுதுங்கள். அரியரத்தினம். ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது.”

அந்தப் பெண் பேனாவை மூடினார்.

“பெயர் ஏற்கெனவே என் பட்டியலில் இருக்கிறது, மிஸ்யூ. பதினொரு மணிக்கு உங்கள் வாய்மொழிப் பரீட்சையை எடுக்க வேண்டியவள் நான்தான். பத்து நிமிடம் பிரெஞ்சில் பேசச் சொன்னால் இருபது நிமிடம் பேசிவிட்டீர்கள், பாஸ். இனி வீட்டுக்குப் போகலாம்.”