நகராத புள்ளி

கண் கூர்மையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. ஒரே ஒரு காலைப்பொழுதில் அது முடிந்துபோனது.

அப்போது நான் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்த சார் தினமும் ஒரு பாடத்தை ஓதுவார். "முன் கண்ணாடியில ஒரு புள்ளி தெரிஞ்சு, அது நகராம ஒரே எடத்துல நின்னா, எதுக்க ஒரு விமானம் ஒன் மேல மோத வருதுன்னு அர்த்தம். யோசிக்காத, வலது பக்கம் திரும்பு. அவனும் அவனோட வலது பக்கம் திரும்புவான். ரெண்டு பேரும் பொழைச்சுக்குவீங்க."

தனியாகப் பறக்க அனுப்பிய அன்று, பாதை எங்கள் விருத்தாசலத்தின் மேலே. முதல் நாளே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன் (வாய் சும்மா இருந்தால்தானே). செராமிக் சூளையில் வேலை பார்க்கும் அப்பா, லீவு போட்டுவிட்டுத் தெருவையே மொட்டை மாடியில் ஏற்றியிருந்தார்.

கம்மாபுரம் தாண்டி, சூளைகளின் புகைபோக்கிகள் தெரிந்த நேரம், கண்ணாடியில் ஒரு கரும்புள்ளி. நகரவில்லை. அந்தப் பக்கம் இன்னொரு மாணவர் பறந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். வலது பக்கம் திரும்பினேன். புள்ளி அப்படியே நின்றது. இன்னும் திரும்பினேன். விடவில்லை. "மோத வராங்க, விலகுங்க" என்று ரேடியோவில் கத்தியதில், அந்த மாணவர் பயந்துபோய்த் திரும்பிச் சென்று தரையிறங்கிவிட்டார். நான் முழுசாக மூன்று சுற்று சுற்றி, தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி, எப்படியோ வந்து இறங்கினேன்.

சார் வந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார். புள்ளி போய்விட்டது.

"வண்டு," என்றார். "அடிபட்டுச் செத்து ஒட்டியிருக்குது. நீ திரும்புன பக்கமெல்லாம் கூடவே வந்துச்சே, அப்பவாவது தோணலையா?"

"எதுக்க வர்றவரு ரொம்ப நல்லா ஓட்டுறாருன்னு நெனச்சேன் சார்."

சாயங்காலம் அப்பா போன் செய்தார். "நம்ம சர்ச்சுக்கு மேல மூணு வாட்டி சுத்துனியேம்மா, பாதரே கண் கலங்கிட்டாரு. வேண்டுதலான்னு கேக்குறாங்க."

"ஆமாம்ப்பா," என்றேன்.

என் கல்யாணத்துக்கு வந்த சார், பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

இன்று பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, பார்சல் கொண்டுவந்தவர் வாசலில் நின்று கேட்டார்: "வண்டு பைலட் வூடு இதானுங்களா?"

அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.