யானைத் துவக்கும் ஒரு கலியாணத் தேங்காயும்

ஒரு மனிதனுக்கு எது கொஞ்சமும் தேவையில்லையோ, அதன் மேல்தான் அவனுக்கு ஆசை வந்து தொலைக்கும். என் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவருக்கு நீச்சல் தெரியாது. அவர் ஒரு படகு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, சனிக்கிழமைகளில் அதைக் கழுவிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆசை, யானை சுடும் துவக்கு. (எங்கள் ஊரில் துப்பாக்கிக்குத் துவக்கு என்றுதான் சொல்வோம். துப்பாக்கி என்றால் எனக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.)

நான் இருப்பது லண்டனில், ரெய்னர்ஸ் லேனில். இங்கே யானை கிடையாது. காட்டெருமையும் கிடையாது. ஆபத்தான மிருகம் என்று சொல்லப்போனால் எங்கள் குப்பைப் பையைக் கிழிக்க வரும் ஒரு நரி இருக்கிறது. ஒருமுறை அதை விரட்ட விளக்குமாறோடு போனேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பொறியில் அகப்பட்ட எலியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூங்காவில் இறக்கிவிட்டு வந்தவன் நான். எனக்குத்தான் அந்த ஆசை.

அது தொடங்கியது மேஃபெயரில், ஒரு பழைய துவக்குக் கடையின் கண்ணாடிக்கு முன்னால். மழைக்கு ஒதுங்கினேன், திரும்பிப் பார்த்தேன், அது அங்கே கிடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல்கள். வாதுமை மரப்பிடியில் தேன் வழிந்த மாதிரி ரேகைகள். இரும்பில் ஒரு காட்டெருமையை மயிர் மயிராகச் செதுக்கியிருந்தார்கள். உள்ளே போனேன். கடைக்காரர் வெள்ளைக் கையுறையோடு அதைத் திறந்து மூடிக் காட்டினார். நல்ல விலையுயர்ந்த காரின் கதவு சாத்தும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். குண்டை என் உள்ளங்கையில் வைத்தார். என் பெருவிரல் தடிப்பு. விலைச்சீட்டு எங்கும் இல்லை. விலைச்சீட்டு இல்லாத கடையில் விலை கேட்கக் கூடாது என்ற அறிவு மட்டும் எனக்கு அன்று இருந்தது.

ஏன் அது என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குக் கவுன்சிலில் வேலை. கண்ட இடத்தில் காரை நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள் எழுதும் முறையீடுகளைப் படிப்பதுதான் என் சோறு. தண்டத்துக்கு முறையீடு, முறையீட்டுக்கு மறுமுறையீடு. என் வாழ்க்கையில் எதுவுமே ஒரே தடவையில் முடிந்ததில்லை. இந்தத் துவக்குக்கு இரண்டே குண்டு. எதிரே காட்டெருமை பாய்ந்து வரும்போது முதல் குண்டு தவறினால் இரண்டாவது. அதுவும் தவறினால் முறையீடு கிடையாது. அப்படி ஒரு முடிவான பொருளை என் ஆயுளில் நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு படித்தேன், படித்தேன், அப்படிப் படித்தேன். குழலின் அகலம், குண்டின் நிறை, யானையின் மண்டையோட்டில் மூளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. அந்தக் காலத்துப் பெரிய வேட்டைக்காரர்களுக்குப் பின்னால் எப்போதும் ஒருவன் நிற்பானாம். அடுத்த துவக்கைத் தூக்கிக்கொண்டு, சரியான கணத்தில் நீட்டுவதற்காக. அவனுக்குப் பெயர் துவக்குத் தூக்கி. 'பாவம், எடுபிடி' என்று அப்போது நினைத்தேன்.

வீட்டில் பேச்செடுத்துப் பார்த்தேன். என் மனைவி வதனி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப லண்டனிலை துவக்கு வாங்கப் போறியளோ?"

"இது வேறை துவக்கப்பா. இது யானைக்கு."

"யானை எங்கை நிக்குது? ஸ்டேஷனடியிலையோ?"

உண்மையில் பொலிஸ்காரரும் அதையேதான் கேட்பார்கள். இந்த நாட்டில் அப்படி ஒன்றை வீட்டில் வைத்திருக்க நியாயமான காரணம் சொல்ல வேண்டும். எவ்வளவு யோசித்தும் என்னிடம் நரிக்கு மேல் காரணம் வரவில்லை.

ஆனால் கவுன்சிலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வாயை யாரால் மூட முடியும்? என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அலுவலகத்தவர்கள் சேர்ந்து ஒரு பரிசுச் சீட்டு வாங்கித் தந்தார்கள். லண்டனுக்கு வெளியே ஒரு சுடுகளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, யானைத் துவக்கால் சுட்டுப் பார்க்கலாம். (நான் இனியாவது வேறு கதை கதைப்பேன் என்று நம்பியிருப்பார்கள்.) வழக்கம்போல நாளைக் கடத்திக் கடத்தி, கடைசியில் சீட்டின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமையாய் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் அபியின் கலியாணம்.

இங்கே என்னுடைய இன்னொரு பெருமையைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் தாலி ஏறும் கணத்தில் பெண்ணின் தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும். தேங்காய் சரி பாதியாய் விழுந்தால் வாழ்க்கை நல்லாய் இருக்கும் என்பது நம்பிக்கை. கோணலாய் உடைந்தால் முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அந்தப் பார்வை பேரப்பிள்ளை பிறக்கும்வரை கூடவே வரும். நான் உடைத்தால் ஒரே வெட்டு. சரி பாதி. வேறு குடும்பத்தார்கூட என்னைக் கூப்பிட்டு உடைப்பித்திருக்கிறார்கள். அக்கா ஒரு மாதமாய்ப் போனில் ஒரே பாட்டு: "தம்பி, மாப்பிளை வீட்டார் எல்லாத்திலையும் குறை பிடிக்கிற ஆக்கள். தேங்காய் மட்டும் பிசகக் கூடாது. உன்னை நம்பித்தான் இருக்கிறன்."

"நீ ஒண்டுக்கும் யோசியாதை அக்கா" என்றேன்.

சனிக்கிழமை காலை, கலியாணத் தேங்காய் வாங்க ஈஸ்ட் ஹாம் போகிறேன் என்று வதனியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். தேங்காயை முதல் நாளே வாங்கிக் கார் டிக்கியில் ஒளித்து வைத்தாயிற்று. துணைக்கு அவளுடைய தம்பி சிவா. சட்டனில் கடை வைத்திருப்பவன், கடையைப் பூட்டிவிட்டு வந்தான். படம் பிடிக்க ஆள் வேண்டுமே! இந்த நாளுக்கென்றே நான் ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கியிருந்தேன்.

பயிற்சியாளர் சிவந்த முகமும் வெள்ளை மீசையுமாய் ஒரு பெரியவர். தூரத்தில் தடித்த காகித மட்டையில் வெட்டிய ஒரு காட்டெருமை, அசல் உயரத்தில் நின்றது.

"துவக்கைத் தோளோடு இறுக்கிப் பிடியுங்கள்" என்றார் அவர். "இடைவெளி விட்டால் அது தானாக வந்து நிரப்பிக்கொள்ளும்."

இறுக்கிப் பிடித்தேன். மூச்சை விட்டேன். விசையை இழுத்தேன்.

அந்தச் சத்தத்தை எனக்குக் காதால் கேட்ட ஞாபகம் இல்லை, பல்லால் கேட்ட ஞாபகம்தான் இருக்கிறது. இரண்டடி பின்னுக்குப் போய் நின்றேன். ஆனால் நின்றேன்! பயிற்சியாளர் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, அந்த மீசைக்குள் ஒரு சிரிப்போடு, "தோளுக்குப் பின்னால், சரியான இடம். அது விழுந்திருக்கும், ஐயா" என்றார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

"டேய் சிவா, எடுத்தியே?"

சிவா போனைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "அத்தான்... கமரா மற்றப் பக்கம் நிண்டிட்டுது. என்ரை மூஞ்சைதான் விழுந்திருக்கு."

காட்டினான். அவன் மூக்குத் துவாரங்கள். பின்னால் இடி. மூக்கு ஒருமுறை துள்ளியது. அவ்வளவுதான் என் வேட்டை.

"ஒருக்காத் திருப்பிச் சுடுங்கோ அத்தான். இதிலை என்ன?"

வீடியோ இல்லாத சூடு சுட்ட சூடா? எங்கள் ஆட்களிடம் காட்டாமல் ஒரு விருந்துகூட முடிந்ததாக எண்ண மாட்டோம். மறுபடி கேட்டேன். நல்லாய்ச் சுட்டவன் என்ற நம்பிக்கையில் பயிற்சியாளர் இந்த முறை இரண்டு குழலிலும் குண்டு போட்டார். நான் என்ன செய்தேன்? முகம் வடிவாய் விழ வேண்டுமென்று நாடியைக் கொஞ்சம் உயர்த்தி, தொப்பியைச் சரித்து, தோளைக் கமரா பக்கம் திருப்பினேன். தோளுக்கும் துவக்குக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. அது வந்து நிரப்பிக்கொண்டது. உதைத்த வேகத்தில் என் விரல் சறுக்கி இரண்டாவது விசையிலும் விழுந்தது.

அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. முதலில் நான் நிற்கிறேன், மந்திரி மாதிரி. அடுத்த கணம் நான் இல்லை. புகை இருக்கிறது. தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிறது. பயிற்சியாளர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், துவக்கை மட்டும் கீழே விழாமல் பிடித்திருக்கிறார்.

வீடு வந்தபோது வலது கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. (காறை எலும்பில் மயிரளவு வெடிப்பு என்று திங்கட்கிழமை டொக்டர் சொன்னார். அதை எப்படி வாங்கினேன் என்று கேட்டுவிட்டு மற்ற டொக்டரையும் கூப்பிட்டார்.) படுக்கை சரியில்லை, கழுத்துப் பிடித்துவிட்டது என்று வதனியிடம் அளந்தேன். கலியாண வீட்டு அவசரத்தில் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. என் தோளில் இருந்ததோ கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் அளவில் இரத்தம் கட்டிய ஒரு கண்டல்.

ஹாரோவில் மண்டபம் நிறைந்திருந்தது. ஐயர் மந்திரத்தை முடித்துக் கையைக் காட்டினார். மாப்பிள்ளை தாலியோடு எழும்பினார். கெட்டிமேளம் பிளந்தது. எல்லாக் கண்ணும் என் மேல்.

கத்தியை இடக்கையில் எடுத்தேன். தேங்காயை வலக்கையில் வைத்து வயிற்றோடு அணைத்தேன். வெட்டினேன். தேங்காய் என்னை விட்டுப் பாய்ந்து, மேடைப் படிகளில் ஒவ்வொன்றாய் இறங்கி, மாப்பிள்ளையின் தகப்பனார் காலடியில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிவா ஓடிப்போய் எடுத்து வந்தான். மறுபடி வெட்டினேன். இந்த முறை கத்தி தேங்காயில் ஏறிச் சிக்கிக்கொண்டது. உதறினேன், வரவில்லை. கத்தியும் தேங்காயும் ஒன்றாய் ஆடின. ஆட்கள் அவசரப்பட்டு அட்சதை அறுகரிசியை வீசிவிட்டார்கள். தேங்காய் உடையாமல் தாலி கட்டக் கூடாதென்று ஐயர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தார். தவில்காரருக்கு நிறுத்தவும் முடியாது, அடிக்கவும் தெம்பில்லை.

"நேரம் போகுது! நேரம் போகுது!" என்றார் ஐயர்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு மாதம் என்னை நம்பியிருந்த முகம் அது. பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று அன்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

அப்போது பின்னால் இருந்து ஒரு கை வந்தது.

"இஞ்சை கொண்டாங்கோ."

வதனி. காஞ்சிபுரம் கட்டி, தலை நிறையப் பூவோடு, கத்தியைத் தேங்காயோடு வாங்கினாள். முழங்கையால் ஒரு தட்டு, கத்தி கழன்றது. தேங்காயை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி ரேகையைப் பார்த்தாள்.

"அம்மா, பொம்பிளையள்..." என்று ஐயர் தொடங்கினார்.

"அப்ப நீங்கள் உடையுங்கோ ஐயா."

ஒரே வெட்டு. சரி பாதி. தேங்காய்த் தண்ணீர் ஒரு சொட்டு நிலத்தில் விழவில்லை. மேளம் உயிர் வந்து முழங்கியது, தாலி ஏறியது, அக்கா வாய்விட்டு அழுதாள். இருபத்தைந்து வருடமாய் என் வீட்டுக் குசினியில் தேங்காய் உடைப்பவள் அவள்தான் என்பது எனக்கு அந்த மேடையில்தான் உறைத்தது. அங்கே மேளமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நான் வருடத்துக்கு ஒன்றிரண்டு உடைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வதனி சந்தோஷத்தில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். வலத் தோள்.

நான் போட்ட ஓலத்தைக் கலியாண வீடியோக்காரர் முழுதாய்ப் பிடித்திருக்கிறார். கண்ணீர் தாரை தாரையாய் ஓட, நான் சுருண்டுபோய் நிற்கிறேன். அதற்கு மெல்லிய வீணை இசை போட்டு, கீழே 'தாய்மாமனின் பாசம்' என்று எழுதியிருக்கிறார். பார்த்த சனமெல்லாம் அழுததாம்.

சாப்பாட்டு மேசையில் சிவா தன் போனைச் சுற்றக் கொடுத்துவிட்டான். தொப்பி அந்தரத்தில் நிற்கும் கட்டம் வந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனாரே சிரித்து, பாயாசம் புரையேறி, மூன்று பேர் முதுகில் தட்ட வேண்டி வந்தது. (குறை பிடிக்கிற மனிதர் அன்றோடு எனக்குச் சிநேகிதரானார்.) போன் கடைசியாய் வதனியிடம் போனது. அவள் முழுவதும் பார்த்தாள். என் சேர்ட் கழுத்தை விலக்கிக் கண்டலைப் பார்த்தாள். பிறகு மிகவும் அமைதியாய்க் கேட்டாள்:

"ஏனப்பா, ஈஸ்ட் ஹாம் தேங்காய் உதைச்சதோ?"

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்காவது முதுகு பிடித்தால், முழங்கால் நொந்தால், முதல் கேள்வி அதுதான். அபியின் இரண்டு வயது மகளுக்குக்கூட அது மனப்பாடம்.

நான் துவக்கு வாங்கவில்லை. ஆனால் அந்த மட்டைக் காட்டெருமையைப் பயிற்சியாளர் பின்னொரு நாள் எனக்கே தந்துவிட்டார். எங்கள் வீட்டு வரவேற்பு ஹோலில், தோளுக்குப் பின்னால், சரியான இடத்தில், என் பெருவிரல் போகும் ஒரு ஓட்டையோடு அது நிற்கிறது. வருபவர்களுக்கெல்லாம் காட்டுவேன். வெட்கமா? ஒரு துளியும் இல்லை. ரெய்னர்ஸ் லேனில் காட்டெருமை வீழ்த்தியவன் வேறு யார்?

இப்போது கலியாணங்களில் தேங்காய் உடைக்கக் கூப்பிடுவது வதனியைத்தான். எத்தனையோ ஐயர்மார் பழகிவிட்டார்கள். நான் அவளுக்குப் பின்னால், தட்டில் கத்தியும் தேங்காயும் ஏந்தி, சரியான கணத்தில் நீட்டுவதற்காக நிற்கிறேன். துவக்குத் தூக்கியின் வேலை எவ்வளவு பெரிய வேலை என்று அந்தப் புத்தகங்களை எழுதியவர்களுக்குத் தெரியாது. கத்தி இறங்கித் தேங்காய் சரி பாதியாய் விழும்போது, காட்டெருமை விழுந்ததைவிட எனக்கு நெஞ்சு நிமிரும்.

போன மாதம் சட்டனில் ஒரு கலியாணம். ஒரு பெரியவர் என் கையில் கத்தியைக் கண்டு, "தம்பி, நீர் உடைக்கேல்லையோ?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் வதனி கத்தியை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"இதுக்கெல்லாம் அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது. யானை வந்தால் சொல்லுங்கோ."