மீன்பிடிப்புக்குக் கீழே வந்த குழாய்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மருமகன் என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் ரிப்பேர் செய்துகொண்டே சொன்ன கதை இது. பக்கத்தில் தூண்டில். தலையில் தொப்பி. குழாய்க்குத் தொப்பி எதற்கு மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டேன். "அது பெரிய கதை அத்தை" என்றார். எனக்குப் பிரார்த்தனை நேரம். மனசு நொந்தவர் பேச்சைக் கேட்பதும் பிரார்த்தனைதான் என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவருக்குக் கிடங்கில் சரக்குக் கணக்கு வேலை. வாரமெல்லாம் பெட்டிகளோடு மாரடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டிலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்தால்தான் மறுவாரத்துக்குத் தெம்பு. என் மகளோ ஞாயிற்றுக்கிழமைக்கென்றே வேலைகளைச் சேர்த்து வைப்பாள்.

இருவர் போனிலும் குறிப்பெழுதும் ஆப் ஒன்று பொதுவாக இருக்கிறது. வீட்டு வேலையெல்லாம் அதில்தான். 'இன்ன வேலையை மட்டும் காட்டு' என்று நாமே அதற்குக் கட்டளை எழுதலாமாம். க்வெரி என்று பேர். மருமகன் எழுதினார்: இன்றைய தேதி போட்ட வேலையை மட்டும் காட்டு.

என் மகள் பிறந்ததிலிருந்து எதற்கும் தேதி போட்டவள் இல்லை. 'நேரம் கிடைக்கும்போது' என்றுதான் எழுதுவாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இனிமே வாயால சொல்ற வேலையே கிடையாது. லிஸ்ட்ல என்ன வருதோ, முணுமுணுக்காம செய்வேன். வராததை நீ கேக்கக் கூடாது."

"வர்றதை எல்லாம் செய்வீங்களா? மேலேருந்து கீழ வரைக்கும்?"

"டிக் போடாம நகர மாட்டேன்."

"அப்ப சரிங்க."

இவ்வளவு லேசாகச் சரி சொன்னாளே, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். "ஆகலையே அத்தை" என்று தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

ஞாயிறு வந்தது. லிஸ்டில் ஒரே வேலை, அவரே தேதி போட்டு வைத்தது: மீன்பிடிப்பு. அதன் கீழே தூண்டில், இரை, தொப்பி. ராஜா மாதிரி கிளம்பினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அலமாரிக் கதவும் துணிக்கொடியும் தேதியில்லாமல் எங்கேயோ தூங்கின.

அந்த வாரம் என் மகள் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏங்க, தொப்பிக்கு நீங்க தேதியே போடலையே. அது மட்டும் எப்படி வருது?"

கேட்டது பெண்டாட்டி. சொல்லிக்கொடுக்கிற ஆசை யாரை விட்டது?

"அதை மீன்பிடிப்புக்குக் கீழ உள்ள தள்ளி எழுதியிருக்கேன்ல. தலைக்குத் தேதி இருந்தா வாலும் கூடவே வரும். வால் பூரா முடிஞ்சாத்தான் தலைக்கு டிக் விழும்."

"எப்படிங்க இவ்வளவெல்லாம் யோசிக்கிறீங்க?"

அந்த ஒரு வார்த்தையை இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தாராம்.

போன ஞாயிறு காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்திருக்கிறார். மீன்பிடிப்பு. கீழே தூண்டில், இரை, தொப்பி. அதோடு நிற்கவில்லை. அலமாரிக் கதவு, துணிக்கொடி, மாடி ஜன்னல், கடைசியில் அம்மா வீட்டுக் குழாய்.

"இதென்ன அநியாயம்? மீனுக்கும் அலமாரிக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்னங்க தெரியும். உங்க க்வெரிதானே காட்டுது."

"க்வெரியை மாத்திடுவேன்."

"தாராளமா மாத்துங்க. சொன்ன சொல்லையும் சேர்த்து மாத்திடுங்க."

மருமகன் சொல் தவறாத மனுஷர். அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. கதவைச் சரி செய்தார். கொடி கட்டினார். ஜன்னலைத் துடைத்தார். பொழுது சாய்வதற்குள் ஏரிக்குப் போய்விடலாம் என்று தூண்டிலும் தொப்பியுமாகவே என் வீட்டுக்கு வந்தார். வாஷரை மாற்றி முடுக்கினார். குழாய் சொட்டுவது நின்றது. வெளியே வெளிச்சமும் நின்றுவிட்டது.

போன் அடித்தது. அவர் கை ஈரம். நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சாங்க?"

"போட்டாச்சு. மீன்பிடிப்பு மட்டும்தான் பாக்கி. இருட்டிடுச்சு."

"அதுக்கென்ன, வர்ற வழியில கடையில வாங்கிட்டு வந்து டிக் போட்டுடுங்க."

தொப்பியோடு எழுந்து மீன் கடைக்குப் போனார். தூண்டில் இன்னும் என் கதவு மூலையிலேயே இருக்கிறது. நீங்கள் அவர்கள் வீட்டுப் பக்கம் போகிறவர்தானே, கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். என் மகளிடம் வேண்டாம், மாப்பிள்ளை கையில் கொடுங்கள்.